தாளில் இல்லாத வரி

காலை ஆறு மணி பத்து நிமிடமானால் அந்த வீட்டில் ரேடியோ வாயை மூடிக்கொள்ளும். செய்தி முடிந்து, பல்வலி மருந்து விளம்பரம் முடிந்து, 'இனி வட்டார வானிலை முன்னோட்டம்' என்று அந்தப் பெண்குரல் சொல்லி முடிப்பதற்குள் மகள் எங்கிருந்தாலும் ஓடி வந்து குமிழைத் திருகிவிடுவாள். பல் துலக்கிக்கொண்டிருந்தால் நுரையோடு வருவாள். ஆட்டுக்குட்டிக்கு மருந்து புகட்டிக்கொண்டிருந்தால் குட்டியோடு வருவாள். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி திருகினால் பாட்டு வரும். ஆறு வருடமாக இதுதான் நடைமுறை.

முன்னோட்டம் படிக்கிறவர் அந்தப் பெண்ணின் பெரியப்பா. கீழே சந்தை கூடுகிற ஊரில் இருக்கும் வானிலை அலுவலகத்தில் வெயில், மழை, காற்று எல்லாவற்றுக்கும் அளவு எடுத்து, தாளில் எழுதி, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கி, போன் வழியாக ரேடியோவில் படிப்பது அவர் வேலை. ஊர் அவரை மழைக்காரர் என்று கூப்பிட்டது. எத்தனை விஷயம் சொன்னாலும் ஊர்க்காரர்கள் மழையை மட்டும்தான் காதில் வாங்கினார்கள், அதனால் வந்த பெயர்.

அவரும் அந்தப் பெண்ணின் அப்பாவும் அண்ணன் தம்பி. இரண்டு பேருக்கும் முகம் வேறு, நடை வேறு, குணம் வேறு. குரல் மட்டும் ஒன்று. அச்சு அசல். கல்யாணமான புதிதில், ஆட்டுப்பட்டி வைத்திருப்பதால் பட்டிக்காரி என்று ஊர் கூப்பிடுகிற அம்மாவே ஏமாந்திருக்கிறாள். "சாயங்காலம் உங்க அண்ணன் வர்றாராமே, அந்த மனுஷனுக்கு டீயில எவ்வளவு சர்க்கரை போட்டாலும் பத்தாதே, வரும்போது வாங்கிட்டு வாங்க" என்று போனில் சொல்லப்போக, அந்தப் பக்கத்திலிருந்து, "அந்த மனுஷன்தாம்மா பேசறேன், ரெண்டு ஸ்பூன் போதும்" என்று பதில் வந்தது. வெட்கத்தில் நாலு நாள் அவர் முகத்தைப் பார்க்காமலே டீ கொடுத்தாள். புருஷன்காரன் சொல்லிச் சொல்லிச் சிரித்தான்.

சிரித்தவன் போய் ஆறு வருடம் ஆகிவிட்டது. அவன் குரல் மட்டும் தினமும் காலையில் வந்து, எங்கே மேகம் கூடும், எங்கே காற்று வீசும் என்று சொல்லிவிட்டுப் போகிறது. இதை ஒரு பெண் எப்படித் தாங்குவாள்? அதற்காகத்தான் மகள் ஓடி ஓடி அணைத்தாள். பெரியப்பா மேல் இருந்த ஆத்திரமும் அதில் பாதி. அம்மா ஒரு நாளும் அணைக்கச் சொன்னதில்லை, அணைக்க வேண்டாம் என்றும் சொன்னதில்லை. ரேடியோவை அணைத்துவிடலாம். காதுக்குள் இருப்பதை எந்தக் குமிழைத் திருகி அணைப்பது? பட்டிக்காரிக்கு ஆறு பத்தானால் பழைய முன்னோட்டம் ஒன்று, ஆறு வருடத்துக்கு முந்தியது, உள்ளுக்குள் ஓடத் தொடங்கும். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஓடி முடிந்த பிறகுதான் அவள் கையில் இருக்கிற வேலை நகரும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவள் சொல்லும்போது நாமும் கேட்டுக்கொள்வோம்.

ஆடு வளர்க்காதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். செம்மறிக்குக் கோடை பிறந்ததும் கத்தரி போட்டு ரோமத்தை எடுத்தாக வேண்டும். போடாவிட்டால் ரோமத்துக்குள் வேர்த்துப் புழு வைத்துவிடும். ஆனால் நனைந்த ஆட்டுக்குக் கத்தரி ஓடாது. ஈர ரோமத்தை மூட்டை கட்டினால் இரண்டே நாளில் வெந்து நாறிப்போகும். அதனால் மழை வருகிறது என்று காதில் விழுந்தால் போதும், சரிவில் இருக்கிற அத்தனை பேரும் விழுந்தடித்துக்கொண்டு மழைக்கு முந்திக் கத்தரி போட்டுவிடுவார்கள். ஆட்டின் சட்டையைக் கழற்றிவிட்டு அதை மழைக்குக் கொடுக்கிற புத்திசாலித்தனம் இது! கோடை மழை சூடான மழை, ஒன்றும் ஆகாது என்பது அவர்கள் நினைப்பு. பத்தில் எட்டு வருடம் ஒன்றும் ஆகாதுதான்.

இந்த வருடம் கத்தரி போட வேண்டிய அன்றைக்குக் காலையில், மறுநாள் மழை என்ற சேதியை டீக்கடைக்காரர்தான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கத்திச் சொன்னார்.

"ஏம்மா பட்டிக்காரம்மா! நாளைக்கு மத்தியானத்துக்கு மேல மழையாமே! மழைக்காரர் படிச்சுட்டாரு. கத்தரி மேஸ்திரி இன்னிக்குத்தானே வர்றாரு? நல்ல நேரத்துலதான் வர்றாரு போங்க!"

"வேற என்ன சொன்னாரு?" என்று பட்டிக்காரி கேட்டாள்.

"வேற என்ன? என்னமோ இயல்பைவிடக் குறைவு அதிகம்னு வழக்கமா படிக்கறதைப் படிச்சாரு. பால் பொங்கிடுச்சு, நான் அதைப் பாக்கப் போயிட்டேன்."

பட்டிக்காரி மகளைப் பார்த்தாள். அவள் அதற்குள் கொட்டகை வாசலில் தார்ப்பாயை விரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு வேணாமேடி. மழை போனதும் பாத்துக்கலாம்."

"மழை போனா மேஸ்திரியும் போயிடுவாரு. அப்பறம் ஒன்றரை மாசத்துக்கு அந்தாளைக் கண்ணால பாக்க முடியாது. நேத்து சாயங்காலத்துலேர்ந்து எல்லாத்தையும் பட்டினி போட்டு வெச்சிருக்கேன். இப்ப போய் வேணாம்னா?"

அதுவும் உண்மைதான். வயிறு நிறைந்த ஆடு கத்தரிக்கு உட்காராது, உதைக்கும். அதனால் முந்தின நாளே தீனியை நிறுத்திவிடுவார்கள். நூற்று நாற்பது ஆடும் காலையிலிருந்து பசியில் கத்திக்கொண்டிருந்தன. பட்டி இப்போது மகள் பொறுப்பு. இருபத்திரண்டு வயதில் அவள் எடுத்துச் செய்கிற விதத்தைப் பார்த்து ஊரே மூக்கில் விரல் வைத்தது. அம்மாக்காரி அதற்கு மேல் பேசவில்லை. பேசினால், ஏன் என்று மகள் கேட்பாள்.

மேஸ்திரி ஏழு மணிக்கெல்லாம் நாலு ஆட்களோடு வந்து இறங்கினார். தொப்பை முன்னால் வர அவர் பின்னால் வந்தார். "என்னம்மா, எனக்கு டீ, என் கத்தரிக்கு எண்ணெய், ரெண்டுல எது முதல்ல?" என்று வழக்கமான கேலியைக் கேட்டுவிட்டுச் சாணைக்கல்லை எடுத்து வைத்தார். வெயில் அப்போதே சுள்ளென்று முதுகில் ஏறியது. வானத்தில் துடைத்துவிட்டது போல ஒன்றுமில்லை.

கத்தரிச் சத்தம் ஆரம்பித்தது. ஆட்டைப் பிடித்து, பின்புறத்தால் உட்காரவைத்து, தலையை முழங்காலுக்குள் இடுக்கிக்கொண்டு, வயிற்றிலிருந்து தொடங்கி முதுகுக்கு வந்தால் ரோமம் ஒரே துண்டாகக் கழன்று விழும். மகள் அதைச் சுருட்டிச் சாக்கில் திணித்தாள். பட்டிக்காரி, கத்தரி பட்ட கீறலுக்கெல்லாம் மருந்து தொட்டு வைத்தாள். கழன்ற ஆடுகள் வெளியே போய், வெள்ளை வெளேரென்று, எலும்பு தெரிய, தாங்கள் யாரென்று தங்களுக்கே தெரியாத மாதிரி நின்றன. குட்டிகளுக்குத் தாயைத் தெரியவில்லை. தாய் பக்கத்திலேயே நின்று கூப்பிட்டாலும், இது யாரோ என்று விலகி ஓடி, ரோமம் போகாத வேறொரு ஆட்டிடம் போய் முட்டி உதை வாங்கின.

ஒவ்வொரு வருடமும் நடப்பதுதான். ஆனாலும் அந்தக் கத்தலைப் பட்டிக்காரியால் கேட்க முடியவில்லை. புருஷன் போன அந்த வருடமும் இப்படித்தான் கத்தின. கத்தரி போட்ட மூன்றாம் நாள், மேல்சரிவில் மேய்ந்துகொண்டிருந்தபோது மழையும் காற்றும் ஒன்றாக இறங்கின. ஓட்டிக்கொண்டு வருகிறேன் என்று வெறும் சட்டையோடு போனான் அவன். மறுநாள் வெளிச்சம் வந்ததும் ஆட்கள் போய்ப் பார்த்தபோது, வேலியோரம் ஆடுகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஏறி விறைத்துக் கிடந்தன. கொஞ்ச தூரத்தில் பாறைக்குக் கீழே அவன் உட்கார்ந்திருந்தான். மடியில் இரண்டு குட்டிகள். அவன் சட்டை அந்தக் குட்டிகள் மேல் இருந்தது.

சாவு வீட்டுக்கு வந்த அண்ணனைப் பார்த்து, ஊர் மொத்தமும் நிற்க, பட்டிக்காரி கத்தினாள்: "உங்க வாயை நம்பித்தானே அந்த மனுஷன் கத்தரி போட்டாரு! மழைன்னீங்களே, குளிர்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?" அவர் வாயைத் திறக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அதன் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை.

பத்தரை மணிக்குள் அறுபத்திரண்டு ஆடு முடிந்திருந்தது. மகளுடைய போன் இடுப்பில் அடித்துக்கொண்டே இருந்தது. எடுத்து யாரென்று பார்த்து முகத்தைச் சுளித்து மறுபடி செருகிக்கொண்டாள்.

"யாருடி?"

"ஒண்ணுமில்ல. நீ மருந்தைப் பாரு."

சற்று நேரத்தில் பின்னால் ஸ்கூட்டர் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. பட்டிக்காரி திரும்பவில்லை. குனிந்து ஒரு கீறலைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"மேஸ்திரி, கத்தரிய நிறுத்துங்க."

அவள் புருஷன் குரல். ஆறு வருடமாக ரேடியோவிலும் கேட்காத குரல், அவள் முதுகுக்குப் பின்னால், அவன் எப்போதும் நின்று பேசுகிற அதே வேலிக்கேட்டுப் பக்கத்திலிருந்து. மருந்துக் கிண்ணம் கையிலிருந்து நழுவியது. பழைய ஆட்களில் ஒருவர் "ஐயையோ" என்று கத்தரியைக் கீழே போட்டுவிட்டார். கோணக்காதி என்கிற கிழட்டு ஆடு ஒன்று இருந்தது. அந்த வருடம் தப்பிப் பிழைத்த ஏழில் ஒன்று. அது கூட்டத்தை விலக்கிக்கொண்டு குரல் வந்த பக்கம் நேராக நடந்து போய், கேட்டருகே நின்று, ஏமாந்து, மூக்கைத் தூக்கி மோந்து பார்த்தது.

கேட்டுக்கு வெளியே மழைக்காரர் நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. சட்டைப்பையில் அலுவலகப் பேனா.

மகள் பாய்ந்தாள். "யாரைக் கேட்டு வந்தீங்க?"

"உள்ள வரலம்மா. வெளியதான் நிக்கறேன். ஆறு தடவை போன் பண்ணேன்."

"பாத்தேன். எடுக்கல. என்ன இப்ப?"

"காலைல நாளைக்குன்னு படிச்சேன். ஒன்பது மணிக்கு மேல, மலை உச்சில இருக்கற வானிலை ஸ்டேஷன்லேர்ந்து போன் வந்துச்சு. அங்க ரெண்டு மணி நேரத்துல பன்னெண்டு டிகிரி இறங்கியிருக்கு. காத்து இந்தப் பக்கமா திரும்பிடுச்சு. நாளைக்கு இல்ல, இன்னிக்கே வரும். நாலு மணிக்குள்ள இங்க இருக்கும். வெறும் மழை இல்லம்மா, குளிர். மாத்தி எழுதின முன்னோட்டம் சாயங்காலம்தான் ரேடியோல போகும். அதுவரைக்கும் நான் அங்க உக்காந்துட்டு இருக்க முடியல. வந்துட்டேன்."

எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். வெயில் கண்ணைக் குத்தியது. மேஸ்திரி துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன சார் இது, இங்க மண்டை பொளக்குது. நீங்க குளிருங்கறீங்க. ஆபீஸ்ல ஃபேன் ஜாஸ்தியா வெச்சுட்டாங்களா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. மகள் கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டாள்.

"இன்னிக்கு வண்டியெடுத்துட்டு வரத் தெரியுதே, அன்னிக்கு ஏன் வரல? மழைன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கம்முனு வீட்டுக்குப் போய்ச் சோறு தின்னீங்களே. அப்ப எங்க போச்சு இந்த அக்கறை? எங்கப்பா செத்தாத்தான் உங்களுக்கு ஸ்கூட்டர் ஓடுமா?"

அவர் வாயைத் திறக்கவில்லை. சாவு வீட்டில் நின்றது போலவே நின்றார்.

"மேஸ்திரி, நீங்க கத்தரிய ஓட்டுங்க. இன்னும் எழுபத்தெட்டு இருக்கு. இவர் சொன்னா மழை வரும், இவர் சொன்னா வெயில் வரும். இவர் வாக்கைக் கேட்டு நாங்க பட்டதெல்லாம் போதும்."

கத்தரிகள் மறுபடி அசைந்தன. பட்டிக்காரி எழுந்தாள். இந்த ஒரு நொடிக்காகத்தான் ஆறு வருடம் பயந்துகொண்டிருந்தோம் என்று அவளுக்குத் தெரிந்தது. சொன்னால் மகளை இழக்கலாம். சொல்லாவிட்டால், இவ்வளவு பாடுபட்டு மகள் மறுபடி நிமிர்த்திய பட்டி சாயங்காலத்துக்குள் வேலியோரம் விறைத்துக் கிடக்கும். அதை ஓட்டிவர இந்தப் பெண்தான் போவாள், சட்டையோடு.

"நிறுத்துடி" என்றாள்.

"அம்மா, நீ சும்மா இரு."

"நிறுத்தச் சொல்லு அவங்களை. அவர் சொல்றதைக் கேளு. அன்னிக்கு அவர் மழைன்னு மட்டும் சொல்லல. நான்தான்... நான்தான் முழுசா கேக்கல. மேஸ்திரி ஆளுங்களோட வந்து நின்னாரு. டீ வைக்கப் போற அவசரத்துல பாதில அணைச்சுட்டேன். மழைங்கற வரைக்கும் கேட்டதை உங்கப்பாகிட்ட சொன்னேன். அவர் வெளிய ஆட்டைப் பிடிச்சுட்டிருந்தாரு. ரேடியோ கேட்டது நான்தான், அவர் இல்ல."

கத்தரிச் சத்தம் தானாக நின்றுபோனது. மேஸ்திரி தரையைப் பார்த்தார். மகள் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பாதில அணைச்சவளுக்கு மிச்சத்துல என்ன சொன்னாருன்னு எப்படித் தெரியும்?"

பட்டிக்காரி குனிந்து மருந்துக் கிண்ணத்தை எடுத்தாள். "சொல்லியிருப்பாரு" என்றாள். "சொல்லாம விடற ஆள் இல்ல அவரு."

கேட்டுக்கு வெளியே இருந்தவர் தலையை நிமிர்த்தி அவளைப் பார்த்தார். மகளும் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, யாரிடம் சொல்கிறாள் என்று இல்லாமல், "கேட்டைத் திறந்து விடுங்க. கொட்டகையில நாப்பதுதான் கொள்ளும்" என்றாள்.

அதன் பிறகு கையும் காலும் போதவில்லை. மேஸ்திரியை நல்ல மனுஷன் என்றுதான் சொல்ல வேண்டும். "இந்த வெயில்ல குளிருக்குப் பந்தல் போடற ஒரே கூட்டம் நாமதான்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஆட்களோடு இறங்கி வேலை செய்தார். கொட்டகையின் திறந்த பக்கத்தைத் தார்ப்பாயால் மறைத்தார்கள். கட்டிவைத்த ரோம மூட்டைகளை மகள் அரிவாளால் கிழித்துக் கொட்டகைத் தரையில் கொட்டினாள். பாதி நாள் பாடு முழுக்க மண்ணோடு போனது. அவள் யோசிக்கவே இல்லை. மழைக்காரர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு, சாக்குகளில் நாலு ஓட்டை போட்டு, கத்தரி போட்ட ஆடுகளுக்கு மாட்டிவிட்டார். பசித்த ஆட்டுக்குச் சூடு நிற்காது என்பதால் இருந்த தீவனத்தையெல்லாம் அள்ளிப் போட்டார்கள். கத்தரி போடாத எழுபத்தெட்டையும் குட்டிகளோடு கீழ்ப்பக்கக் கல்சுவரின் மறைவுக்கு ஓட்டினார்கள். இரண்டு மணிக்கு நின்றபடியே ரொட்டியும் வெங்காயமும் தின்றார்கள். வேர்வை சொட்டியது. டீக்கடைக்காரர் வேலிக்கு வந்து எட்டிப் பார்த்து, இவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது போலத் தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

மூன்றேகாலுக்குக் காற்று நின்றது. ஒரு இலை அசையவில்லை. ஈக்கள் எங்கே போயினவோ தெரியவில்லை. அப்புறம் உச்சிப் பக்கமிருந்து, கதவைத் திறந்துவிட்டது போல, குளிர் இறங்கியது. வேர்த்திருந்த முதுகில் அது பட்டதும் மேஸ்திரி "அடியாத்தே!" என்று துள்ளினார். பத்து நிமிடத்தில் வானம் சாம்பல் நிறமானது. மழை சாய்வாக அடித்தது, நடுவே பட்டாணி அளவு ஆலங்கட்டி. காலையில் சட்டையைக் கழற்றி வேலை செய்த ஆட்கள் சாக்கைப் போர்த்திக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி அவர்களைக் கொட்டகையில் ஆடுகளுக்கு நடுவே உட்காரவைத்தார். "ரெண்டு பேருக்கும் சூடு கெடைக்கும், ஒட்டி உக்காருங்கடா" என்றார்.

கொட்டகையில் கொள்ளாத இருபத்திரண்டு ஆடுகள் வீட்டுக்குள் வந்தன. கூடத்தில் பத்து, கட்டிலைச் சாய்த்துவிட்டு உள்ளறையில் ஏழு, அடுப்படியில் ஐந்து. நிற்கிற இடமெல்லாம் புழுக்கையும் ஈரச் சாக்கு நாற்றமும். தகரக் கூரை மேல் ஆலங்கட்டி அடிக்கிற சத்தத்தில் பேசுவது காதில் விழவில்லை. உள்ளறையில் மகள் ஒவ்வொரு ஆடாகத் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தாள். அம்மாவிடம் அவள் பேசவில்லை. எதை எடு, எதை வை என்றுகூடச் சொல்லவில்லை. வேண்டியதைத் தானே வந்து எடுத்துக்கொண்டு போனாள்.

அடுப்படியில் பட்டிக்காரி நெருப்பைத் தள்ளிக்கொண்டிருந்தாள். மழைக்காரர் ஒரு பலகையில் உட்கார்ந்து, கோணக்காதியின் விலாவைச் சாக்கால் தேய்த்தார். அது அவர் முழங்காலில் தலையை வைத்துக்கொண்டிருந்தது. ஐந்து மணி இருக்கும். ஆலங்கட்டி நின்று மழை மட்டும் பெய்தது. அப்போதுதான் பேச்சு காதில் விழுகிற மாதிரி ஆனது.

"காலைல நீ சொன்னியே, பாதில அணைச்சுட்டேன்னு" என்றார் அவர்.

அவள் அடுப்பைப் பார்த்தபடி இருந்தாள். அந்தக் குரலுக்கு முகத்தைத் திருப்பாமல் இருப்பதுதான் அவளுக்குச் சுலபமாக இருந்தது.

"நல்ல மனசோட சொன்னே. ஆனா அது எனக்கு உதவாதும்மா."

"ஏன் மாமா?"

"தாள்ல ரெண்டு வரி இருந்துச்சு. மழை ஒரு வரி. 'வெப்பநிலை இயல்பைவிடக் கணிசமாகக் குறையக்கூடும்'னு ஒரு வரி. ரெண்டையும் படிச்சேன், அதுல சந்தேகமே இல்ல. ஆனா அதைக் கேட்டு எந்த ஆட்டுக்காரனுக்கு என்ன புரியும்? தினமும் படிக்கற மந்திரம் அது. அதனால என் தம்பிக்குன்னு ஒரு வரி நானா சேத்துச் சொல்லணும்னு காலைலேர்ந்தே நெனச்சுட்டிருந்தேன். தாள்ல இல்லாததைப் படிச்சா வேலை போயிடும். அதிகாரி பக்கத்துலயே உக்காந்திருந்தாரு. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு..."

கை நின்றுவிட்டது. ஆடு தலையைத் தூக்கி அவரைப் பார்த்தது.

"சொன்னேனா, பயந்து முழுங்கிட்டேனா, தெரியல. நெனச்சு நெனச்சு, சொன்ன மாதிரியும் இருக்கு, சொல்லாத மாதிரியும் இருக்கு. அதிகாரிக்குக் காது மந்தம், அவரும் ரிட்டயர் ஆயிட்டாரு. வெளிய யாரைக் கேக்கறது? கேட்டவங்கல்லாம் மழைங்கறாங்க. நீ சாவு வீட்டுல என்னைக் கேட்டப்ப, ஆமா, நான்தான் முழுங்கிட்டேன் போலன்னு ஏத்துக்கிட்டேன். ஒவ்வொரு நாளும் ஆறு பத்துக்குத் தாளைக் கையில எடுக்கும்போது அன்னிக்கு என்ன சொன்னேன், என்ன சொன்னேன்னு... பைத்தியம் பிடிக்காம இருக்கறதே பெரிசு."

உள்ளறையில் சாக்குத் தேய்க்கிற சத்தம் நின்றிருந்தது. பட்டிக்காரிக்கு அது தெரிந்தது. கதவு திறந்துதான் இருந்தது. இப்போது வாயை மூடிக்கொண்டால் காலையில் சொன்ன பாதியோடு மீதிக் காலத்தை ஓட்டிவிடலாம். பாதியில் அணைத்த அம்மாவை மகள் என்றாவது ஒரு நாள் மன்னிக்கவும் செய்யலாம். எதிரே உட்கார்ந்திருந்த மனுஷன், செய்யாத தப்புக்கு ஆறு வருடமாகத் தன்னைத் தானே தூக்கில் போட்டுக்கொண்டிருந்தார்.

"சொன்னீங்க" என்றாள்.

"ஆறுதலுக்குச் சொல்லாதேம்மா."

"'சரிவுல ஆடு வெச்சிருக்கறவங்க கொஞ்சம் கேளுங்க. இந்த வாரம் கத்தரி போடாதீங்க. வர்ற குளிர் தோல் தாங்கற குளிர் இல்ல.'" அவள் நெருப்பைப் பார்த்துக்கொண்டே ஒரே மூச்சில் சொன்னாள். "சொல்லிட்டு லேசா இருமினீங்க. பின்னால யாரோ நாற்காலிய இழுத்தாங்க. அப்பறம் அந்தப் பொண்ணு, வானிலை நிறைவடைந்ததுன்னு சொல்லுச்சு. பாட்டு போட்டாங்க."

அவர் கை ஆட்டின் முதுகில் அப்படியே இருந்தது. பிறகு முகத்தைச் சாக்கில் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. அறுபதைத் தொடப்போகிற ஆள் அப்படி அழுவதைப் பார்க்க அவளுக்குச் சங்கடமாகவும் இருந்தது, தன் நெஞ்சிலிருந்து பாறாங்கல் ஒன்று கழன்ற மாதிரியும் இருந்தது. கழன்ற கல் எங்கே போய் விழப்போகிறது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

மகள் வாசற்படியில் நின்றாள்.

"அணைக்கல" என்றாள்.

"அணைக்கல."

"முழுசா கேட்டிருக்கே."

"முழுசா கேட்டேன்."

"அப்பாகிட்ட ஏம்மா சொல்லல?"

இந்தக் கேள்விக்குப் பட்டிக்காரி ஆறு வருடமாகப் பதில் தேடியிருக்கிறாள். பெரியதாக, அந்தச் சாவுக்குத் தக்கதாக ஒரு காரணம் கிடைக்குமா என்று. கிடைக்கவில்லை. உண்மையைத்தான் சொன்னாள்.

"மேஸ்திரி வந்து நின்னுட்டாரு. ஏற்கெனவே ரெண்டு தடவை அவரைத் திருப்பி அனுப்பியிருந்தோம். சொன்னா உங்கப்பா மறுபடி அனுப்பிடுவாரு. அண்ணன் பேச்சுன்னா அவருக்கு வேதவாக்கு. அடுப்புல டீ கொதிச்சுட்டு இருந்துச்சு, எட்டு டம்ளர் எடுத்து வெச்சுட்டேன். வெயில் அப்படி அடிச்சுது. குளிராவது ஒண்ணாவதுன்னு நெனச்சேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்டி."

மகளுடைய முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அவள் கத்துவாள், அடுப்பை எட்டி உதைப்பாள் என்று பட்டிக்காரி எதிர்பார்த்தாள். அப்படிச் செய்திருந்தால் தேவலை. கீழ்ப்பக்கக் கல்சுவரிலிருந்து குட்டிகள் கத்துகிற சத்தம் மழையில் விட்டுவிட்டு வந்தது. காற்று திசை மாறி அந்தப் பக்கமும் அடிக்க ஆரம்பித்திருந்தது.

மகள் ஆணியிலிருந்து சாக்கை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். "குட்டிங்களை உள்ள கொண்டாந்துடணும். நீங்க அந்தக் கூடையை எடுத்துட்டு வாங்க பெரியப்பா" என்றாள். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். பட்டிக்காரியும் எழுந்தாள். மூலையில் கிடந்த இன்னொரு சாக்கை உதறித் தலையில் போடப் போனாள்.

"நீ வராதே."

பட்டிக்காரி நின்றாள்.

"வெளிய விறைக்குது. நீ இங்கயே இரு. வராதே."

சொல்லிவிட்டு அவள் மழைக்குள் இறங்கினாள். மழைக்காரர் கூடையோடு பின்னாலேயே போனார். முகத்தில் விழிக்கப் பிடிக்காமல் சொன்னாளா, இன்னொருத்தியையும் அந்தக் குளிருக்குக் கொடுக்க மனமில்லாமல் சொன்னாளா? அந்த இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு பட்டிக்காரியால் எதையும் கண்டுபிடிக்க முடியவில்லை. கூப்பிட்டுக் கேட்கவும் தைரியம் வரவில்லை. சாக்கைக் கையில் பிடித்தபடி, மகள் இருக்கச் சொன்ன இடத்திலேயே நின்றாள்.